கோமுகத்திற்கு மீண்டும் ஒரு நடை

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, பனிப்பாறையின் முகப்பிலிருந்து கங்கை பிறக்கும் இடமான கோமுகத்தைத் தரிசிக்கச் சென்ற நான், அதற்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் உள்ள போஜ்பாசாவிலிருந்து திரும்பி வந்தேன். இந்தப் புரட்டாசியில் தம்பியுடன் மீண்டும் புறப்பட இருக்கிறேன். முதல் பயணத்தில் எனக்குப் பக்தி இருந்தது, நிதானம் இல்லை. இந்த முறை ஆயத்தத்தையே விரதமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று செய்த பிழை எளிமையானது. சுமார் 1,150 மீட்டர் உயரமுள்ள உத்தரகாசியிலிருந்து காலையில் கிளம்பி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடந்து, 3,000 மீட்டருக்கும் மேலே உள்ள கங்கோத்ரியை மாலையில் அடைந்து, மறுநாள் விடியற்காலையிலேயே நடக்கத் தொடங்கிவிட்டேன். ஒன்பதாவது கிலோமீட்டரில் பைன் மரங்கள் சூழ்ந்த சீர்பாசா வரை தொல்லை எதுவும் தெரியவில்லை. பதினான்காவது கிலோமீட்டரில் போஜ்பாசாவை எட்டியபோது தலை வெடிப்பதுபோல் வலித்தது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. உடன் வந்த மலைவாசி வழிகாட்டி என் முகத்தைப் பார்த்ததுமே, மேலே ஓர் அடியும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் அழுததைக் கண்டு, “கங்கா மாதா எங்கும் போய்விட மாட்டாள் அம்மா, அடுத்த முறை வாருங்கள்” என்று ஆறுதல் கூறினார்.

திரும்பும் முன் அங்கேயே ஆற்றில் ஒரு செம்புச் சொம்பு நிறைய நீர் எடுத்துக்கொண்டேன். கங்கை என்றதும் மனத்தில் தோன்றும் தெளிந்த நீர் அல்ல அது. பால் கலந்த சாம்பல் நிறம். பனிப்பாறை தன் பெரும் எடையோடு நகரும்போது அடியில் உள்ள கல்லை மாவாக அரைத்து நீரோடு அனுப்புகிறது. மறுநாள் காலையில் பார்த்தபோது சொம்பின் அடியில் அந்த மாவு மெல்லிய படலமாகத் தங்கியிருந்தது. விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டேன். திருநீறு போலவே இருந்தது.

ஊர் திரும்பிய பிறகுதான் அந்தப் பனிப்பாறையைப் பற்றிப் படித்தேன். சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரி பனிப்பாறையின் முகப்பு, 1935-இல் அளக்கப்பட்டதிலிருந்து இன்றுவரை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருக்கிறது. வழிகாட்டி சொன்ன சொல்லை நினைத்தபோது நெஞ்சு கனத்தது. அன்னை மெல்ல மெல்லப் பின்னே போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

ஆகவே இந்த முறை ஒவ்வொன்றையும் யோசித்தே திட்டமிடுகிறோம். ஆடி, ஆவணி மாதங்களில் மழையும் நிலச்சரிவும் பாதையை மறித்துவிடும் என்பதால் செப்டம்பர் இறுதியைத் தேர்ந்தெடுத்தோம். தீபாவளியை ஒட்டிக் கங்கோத்ரி கோயில் நடை சாத்தப்பட்டு, அன்னையின் திருவுருவம் முகபா கிராமத்திற்கு எழுந்தருளிவிடும். அதற்கு முன்பே தரிசனமும் நடையும் முடிந்துவிட வேண்டும். ரிஷிகேசத்திலிருந்து செல்லும் வழியில் அலகநந்தாவும் பாகீரதியும் கூடும் தேவப்பிரயாகையில் இறங்கி, 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான திருக்கண்டமென்னும் கடிநகர்ப் பெருமாளைச் சேவித்து, உத்தரகாசியில் விசுவநாதரை வணங்கி, சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் உள்ள ஹர்சிலில் ஓர் இரவும் கங்கோத்ரியில் இரண்டு இரவுகளும் தங்குவதாக ஏற்பாடு. உடல் உயரத்திற்குப் பழகுவதற்கான இந்த நாள்களை வீண் என்று முன்பு எண்ணியிருந்தேன். பகீரதன் தவம் செய்ததாகக் கூறப்படும் பாறை அருகே அமைதியாக அமர்ந்திருக்க அந்த நாள்கள் போதுமா என்றே இப்போது தோன்றுகிறது.

கோமுகம் கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் வனத்துறையின் அனுமதிச்சீட்டு கட்டாயம். ஒரு நாளைக்கு 150 பேருக்கு மட்டுமே அனுமதி என்பதால் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது. இந்தக் கட்டுப்பாட்டை நான் மனமார வரவேற்கிறேன். ஓலைச்சுவடி நமக்கு எப்படியோ அப்படி வடநாட்டு ஏடுகளுக்குப் பட்டை தந்த போஜ மரங்களால் பெயர் பெற்ற போஜ்பாசாவில், அந்த மரங்களை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. விறகுக்காக வெட்டியதும் அதற்கு ஒரு காரணம். பூ, கற்பூரம், பிளாஸ்டிக் உறை எதையும் மேலே கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

வெயில் ஏறினால் சரிவுகளில் கல் உருளும். ஆகையால் போஜ்பாசாவில் இரவு தங்கி, விடிந்ததும் நடந்து, நண்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும். பனிமுகப்பின் அருகே செல்வதோ அங்கே நீராடுவதோ இல்லை. எந்த நேரத்திலும் பனிப்பாளங்கள் உடைந்து விழக்கூடிய இடம் அது. தொலைவில் நின்று கும்பிடுவோம். தலைவலி மீண்டும் வந்தால், இரண்டாம் முறையும் திரும்பிவிடுவது என்று தம்பிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கொண்டுவரும் நீரை இராமேசுவரத்தில் இராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும் என்பது அம்மா நேர்ந்துகொண்டது. அதே செம்புச் சொம்பை நேற்றுப் புளியிட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.