குறை சொல்ல மட்டும் பெற்றோரைக் கூப்பிடாதீர்கள்

கொழும்பில் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெமட்டகொடைப் பக்கம் ஒரு பிள்ளை திடீரென்று மற்றப் பிள்ளைகளை அடிக்கத் தொடங்கினால் பள்ளிக்கூடத்திலிருந்து முதலில் வரும் சொல் இதுதான்: "நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா." காலை பத்து மணிக்கு வந்தால் அம்மாவின் ஒருநாள் சம்பளம் போகும். அப்பா புறக்கோட்டையில் மூட்டை இறக்குகிறவர். அம்மா வெளிநாட்டில் என்றால் அம்மம்மாதான் வருவார். வந்தவர் கேட்பது முறைப்பாடு மட்டுமே. அன்று பின்னேரம் பிள்ளைக்கு அடி விழும், அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். பிறகு "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்கிறோம். இது அநியாயம்.

வரிசையை மாற்றுங்கள். தவணையின் முதல் இரண்டு வாரத்துக்குள், பிரச்சினை எதுவும் வருமுன்பே, வகுப்பாசிரியர் ஒவ்வொரு வீட்டோடும் ஒருமுறை பேசட்டும். மூன்று நிமிடம் போதும். நாற்பது பிள்ளைகள் என்றால் நாளுக்கு நாலு அழைப்பு, பத்து நாளில் முடிந்துவிடும். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்து எடுங்கள். "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொன்னால் மனதில் ஒட்டாது. "விழுந்த பிள்ளையை உங்கட மகன்தான் தூக்கிவிட்டு, தண்ணிப் போத்தலையும் குடுத்தவர்" என்று கண்டதைச் சொல்லுங்கள். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் குரல் செய்தி அனுப்பலாம். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் மட்டும் எந்தப் பிள்ளையின் நடத்தையையும் எழுத வேண்டாம், பொழுதுபடுமுன் தொடர்மாடி முழுக்கத் தெரிந்துவிடும்.

பிரச்சினை வந்தபின் ஒரு பக்கக் குறிப்பு வேண்டும்: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன, பிறகு யார் என்ன செய்தார்கள். "முரட்டுப் பிள்ளை" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "இடைவேளைக்கு முந்திய பாடத்தில்தான் அடிக்கிறான்" என்று எழுதிப் பாருங்கள், காலையில் சாப்பிட்டானா என்ற கேள்வி தானாக வரும்.

ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை என்று பிள்ளையை அனுப்ப இடங்கள் உண்டு. அனுப்பியவருக்குப் பதில் வராமல் போவதுதான் பெரிய ஓட்டை. குறிப்பின் அடியில் பொறுப்பானவர் ஒருவரின் பெயரும், இரண்டு வாரத்துக்குள் ஒரு திகதியும் இருக்கட்டும். பிள்ளையைப் பற்றிய விபரங்களில் வெளியே போவது எது, போகாதது எது என்று வீட்டாரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளி நிறுவனங்கள் பிள்ளைகளுக்கு மனவெழுச்சித் திறன்களைப் பழக்கும் மூன்று மாதத் திட்டத்தோடு வருவார்கள். தன்னை அறிதல், தன்னைக் கட்டுப்படுத்தல், பிறரை உணர்தல், உறவு பேணல், பொறுப்பாக முடிவெடுத்தல் என்ற ஐந்து திறன்களும் சுவரில் அழகாக ஒட்டப்படும். அந்தப் பாடவேளையில் வகுப்பாசிரியர் கூடவே இருக்கவில்லையென்றால், அவர்கள் போன மறுநாள் அதுவும் போய்விடும். இந்த ஒரு நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளாதவர்களை அதிபர் உள்ளே விடாமலிருப்பதே நல்லது.

வீட்டிலேயே வன்முறை என்று சந்தேகம் வந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. முதலில் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள். ஆதாரம் தேடிப் பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கவும் வேண்டாம். பிள்ளை சொன்னதை அதே சொற்களில் எழுதிவைத்துவிட்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அன்றே அறிவியுங்கள்.