மிஸ்டேக் என்று சொன்ன பெட்டி

முன்னாள் மாணவர் சங்க நண்பர்களே, நம் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்த 1988இல் நான் ஒன்பதாவது படித்தேன். ஜன்னலில் நீலத் திரை, வாசலில் செருப்புக் குவியல், பழைய வண்ணாரப்பேட்டை வெயிலிலிருந்து உள்ளே போனதும் முகத்தில் அடிக்கும் ஏசிக் குளிர். அந்த அறை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

மத்திய அரசு 1984இல் 'கிளாஸ்' என்றொரு திட்டம் தொடங்கிப் பள்ளிகளுக்கு அனுப்பிய 'பிபிசி மைக்ரோ' கம்ப்யூட்டர்தான் எங்களுக்கும் வந்தது. பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த பெட்டி. நினைவகம் 32 கிலோபைட். எங்கள் வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர், பெட்டிகள் இரண்டு. வாரத்துக்கு ஒரு பீரியடு, அதுவும் கரண்ட் இருந்தால். நம் முறை வந்தால் ஆறேழு நிமிஷம் கிடைக்கும்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவன் காசிமேட்டுப் பையன். அவன் நைனா லாஞ்சில் கடலுக்குப் போகிறவர். முதல் நாள் பிரிண்ட் என்ற கட்டளையை அடிக்கும்போது ஓர் எழுத்தை விட்டுவிட்டான். திரையில் 'மிஸ்டேக்' என்று வந்தது. அந்தப் பெட்டியின் புரோகிராம் மொழியான பிபிசி பேசிக் அப்படித்தான் சொல்லும். அவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பண்ணல சார்" என்றான். குரல் நடுங்கியது. நாங்கள் எல்லோருமே தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் ஒரு தப்பு செய்தால் முட்டி போட வேண்டிய காலம் அது.

இயற்பியல் சார் அவனைத் திட்டவில்லை. மறுநாள் கரும்பலகையில் எழுதிப் போட்டார்: பிரிண்ட் என்றால் 'காட்டு', இன்புட் என்றால் 'கேள்', இஃப் என்றால் 'இப்படி இருந்தால்'. "அதுக்குப் புரியலைன்னா மிஸ்டேக்னு சொல்லும். நீ மறுபடியும் சொல்லு, அவ்வளவுதான்" என்றார். அப்புறம் அவனைப் பார்த்து, "உங்க வீட்ல என்னடா கணக்கு போடுவாங்க?" என்று கேட்டார்.

பங்குக் கணக்கு. ஏலத்தில் வந்த பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதியைப் படகுக்காரருக்கும் ஆட்களுக்கும் பிரிக்க வேண்டும். அவன் நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாம் மனக்கணக்கு, அதனால் சில நாள் சண்டையும் வரும். சார் அந்தக் கணக்கையே புரோகிராமாக எழுதச் சொன்னார். பள்ளி விட்ட பிறகு அறையைத் திறந்துவைத்து ஆறு மணிவரை கூடவே இருந்தார். மூன்றாவது வாரம் விடை சரியாக வந்தது. நைனாவின் மனக்கணக்கோடு ரூபாய் சுத்தமாக ஒத்துப்போனது. மறுநாள் சாருக்கு ஒரு வஞ்சிரம் வந்து சேர்ந்தது.

பாலித்தீன் உறைகூடக் கழற்றாத பெட்டிகளைப் பூட்டிவைத்திருந்த வேறொரு பள்ளியையும் அந்த நாளில் பார்த்திருக்கிறேன். பெட்டியில் வித்தியாசம் ஏதும் இல்லை. சார்தான் வித்தியாசம்.

இங்கே இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் கணினி அருங்காட்சியகத்தில் சிவப்புச் சாவிகளோடு பிபிசி மைக்ரோவைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. அதன் பேசிக்கை எழுதிய சோஃபி வில்சன்தான் ஏகார்னில் ஆர்ம் சிப்பின் கட்டளைத் தொகுதியையும் வடிவமைத்தார். 1985இல் முதன்முதலில் ஓடிய அந்த சிப்பின் வாரிசுதான் இன்று அநேகமாக எல்லாக் கைபேசிகளிலும் இருக்கிறது.

அந்தக் காசிமேட்டு நண்பன் கையிலும் இருக்கிறது. சென்ற முறை ஊருக்குப் போனபோது காசிமேட்டில் வலைக் குவியல்மேல் உட்கார்ந்து காட்டினான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் தரும் கடல்நீர் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் கூடும் இடத்தைக் கணிக்கிறது. அந்தத் தகவல் தமிழிலும் வருகிறது. அவன் அதை வாய்விட்டுப் படித்தான். எந்தச் சொல்லிலும் தடுமாறவில்லை. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவன் மகளுக்கும் ஒன்று கிடைத்ததாம். தமிழ்99 விசைப்பலகையில் அவள் அடிக்கும் வேகத்தைப் பெருமையோடு சொன்னான்.

நம் சங்கம் பள்ளிக்கு இருபது கம்ப்யூட்டர்கள் அனுப்பப் பேசிக்கொண்டிருக்கிறது. பத்து போதும். மிச்சப் பணத்தில், பிள்ளைகளோடு தமிழில் பேசிச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியருக்கு இரண்டு வருஷச் சம்பளம் கொடுப்போம், ரிப்பேருக்கும் கொஞ்சம் ஒதுக்குவோம். சாயங்காலம் ஆறு மணிவரை அறை திறந்திருக்க வேண்டும் என்பதையும் பள்ளியிடம் எழுதி வாங்கிக்கொள்வோம். ஆசிரியரின் முதல் மூன்று மாதச் சம்பளம் என்னுடையது.