பேர்லினுக்கு வருகிறவர்களே, டிப்போசிட் கட்டுமுன் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள்

லண்டனில் இருந்து பேர்லினுக்கு வேலை மாறி வரும் எங்கட ஆட்கள் என்னிடம் முதலில் கேட்பது விசா பற்றித்தான். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரித்தானியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது என்று பயப்படுகிறார்கள். எங்களுக்கு அந்தப் பகுதி தலையிடி தரவேயில்லை. விசா இல்லாமலே ஜேர்மனிக்குள் வந்து, 90 நாட்களுக்குள் இங்கிருந்தபடியே வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைக்குமுன் வேலை தொடங்கக்கூடாது என்பதை மட்டும் நிறுவனத்துக்குச் சொல்லி வையுங்கள். எங்களை அலைக்கழித்தது ஒரேயொரு பக்கத்தில் அடங்கும் ஒரு கடிதம்.

இங்கே குடிவந்து இரண்டு வாரத்துக்குள் பியூர்கராம்ட் என்ற நகரக் குடிமக்கள் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. இன்னார் இன்ன திகதியில் இந்த வீட்டுக்குக் குடிவந்தார் என்று வீட்டுக்காரர் ஒப்பமிட்ட கடிதம் தர வேண்டும். 2015 நவம்பரில் இருந்து சட்டம் அப்படித்தான். அந்தப் பதிவு இல்லாமல் வரி எண் வராது, மற்ற அலுவல்களும் ஒவ்வொன்றாகத் தடைப்படும்.

நாங்கள் முதலில் எடுத்தது பேர்லினின் நொய்க்கோல்ன் பகுதியில் தளபாடங்களோடு ஒரு வீடு. டிப்போசிட்டை முழுதாக வாங்கும் வரைக்கும் அந்த மனிதர் நன்றாகத்தான் கதைத்தார். கடிதம் என்றதும் இன்று, நாளை என்று இழுத்தார், பிறகு போனையே எடுக்கவில்லை. விசாரித்தால் அவரே அங்கே வாடகைக்கு இருப்பவர். சொந்தக்காரருக்குத் தெரியாமல் எங்களுக்கு விட்டிருக்கிறார். கடிதம் எழுதினால் தானே மாட்டிக்கொள்வார். சின்னப் பிள்ளையோடு பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டியதாயிற்று. வாடகைக்காரர் சங்கம் ஒன்றில் சந்தா கட்டிச் சேர்ந்து, அவர்களுடைய சட்டத்தரணி எழுதின பிறகுதான் காசு திரும்பி வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஆகவே, வீடு பார்க்கப் போகும்போதே கேளுங்கள்: பதிவுக்குக் கடிதம் தருவீர்களா? தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள், வீடு எவ்வளவு வடிவாக இருந்தாலும் சரி. டிப்போசிட் மூன்று மாத அடிப்படை வாடகையை (மேலதிகச் செலவுகள் சேராத வாடகை) தாண்டக்கூடாது. அதையும் மூன்று தவணையில் கட்ட உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இரண்டாவது வீடு பிரிட்ஸில் கிடைத்தது. குசினியில் ஒரு அலுமாரிகூட இல்லை, முன்பு இருந்தவர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது இங்கே வழமை. கடிதம் உடனே தந்தார்கள். அப்பொயின்ட்மென்ட்தான் கிடைக்கவில்லை. நகரத்தின் எந்தப் பியூர்கராம்ட்டிலும் பதியலாம் என்பதால் உங்கள் பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். காலையிலும் இடைக்கிடையும் இணையத்தில் பார்த்தால் யாரோ ரத்துச் செய்த நேரம் அகப்படும். எங்களுக்கு நகரத்தின் மறு அந்தத்தில் ஒன்று அகப்பட்டது.

அங்கே இருந்த அலுவலர் கடிதத்தைப் பேனாவால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். குடிவருவோர் என்ற இடத்தில் பேனா நின்றது. கணவரின் பெயர் மட்டும்தான் இருந்தது. என் பெயரையும் மகளின் பெயரையும் வீட்டுக்காரர் எழுதாமல் விட்டிருந்தார். புது அப்பொயின்ட்மென்ட் எடுங்கள் என்று தாளைத் திருப்பித் தள்ளிவிட்டு அடுத்த இலக்கத்தை அழுத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்த பெண்மணி கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். மூடுமுன் திருத்திக்கொண்டு வந்தால் தன்னிடம் நேரே வரச் சொன்னார். கணவர் சுரங்க ரயிலில் ஓடினார். நானும் மகளும் வாங்கிலேயே இருந்தோம். மூன்று பெயரோடும் வந்த கடிதத்தை அவர் வாங்கி, சான்றிதழில் முத்திரை குத்தித் தந்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. குழந்தை உட்பட எல்லாருடைய பெயரும் கடவுச்சீட்டில் இருக்கும்படியே கடிதத்தில் இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே சரிபாருங்கள்.

பதியும்போது சமயம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று பதிந்தால் வருமான வரியில் 9 வீதம் தேவாலய வரியாகப் பேர்லினில் பிடிப்பார்கள். எங்கட ஆட்களில் பலருக்கு இது சம்பளச் சிட்டையைப் பார்த்த பிறகுதான் தெரியவருகிறது.

அடுத்த சிக்கல் தபால்பெட்டி. 11 இலக்க வரி எண் கடிதத்தில்தான் வரும், பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். எங்கட வீட்டில் எனக்குக் குடும்பப் பெயர் அப்பாவின் பெயர், கணவருக்கு அவருடைய அப்பாவின் பெயர், மகளுக்குக் கணவரின் பெயர். பெட்டியில் ஒட்டியிருந்தது ஒன்று மட்டும். கணவரின் எண் வந்தது, என்னுடையது வரவில்லை. பிரிட்ஸ் மயூரபதி முருகன் கோயிலில் சந்தித்த அக்கா ஒருவர்தான், "பெட்டியில உங்கட பேர் இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். அன்றைக்கே மூன்று பெயரையும் எழுதி ஒட்டினோம். பிறகு கடவுச்சீட்டோடு வரி அலுவலகத்துக்கு நேரே போனேன், எண்ணை அச்சடித்துத் தந்தார்கள். எண் பிந்தினால் சம்பளப் பிரிவினர் ஆகக்கூடிய வரி பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் போட்டுக் கூடுதலாகப் பிடிக்கப் பார்ப்பார்கள். பிழை உங்களுடையது இல்லையென்றால் மூன்று மாதம் வரைக்கும் உங்களுக்குரிய வகுப்பிலேயே கணக்கிடச் சட்டத்தில் இடமுண்டு. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

பதிந்த பிறகு வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வரும். மாதம் 18.36 யூரோ, ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். ஒருவர் கட்டினால் மற்றவர் அந்தக் கட்டண இலக்கத்தைக் குறிப்பிட்டுப் பதில் போட வேண்டும். பதில் போடாமல் விட்டால் இருவரிடமும் காசு கேட்பார்கள்.