கொடுமுடியில் இருந்து ஒருத்தர்கூட இல்லையா?

போன வாரம் கொடுமுடியில் இருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. சைக்கிள் கடைக்காரர் வீடு, அம்மிச்சி காலத்துப் பழக்கம். பத்திரிகை வந்தால் எங்கள் வீட்டில் முதலில் தேடுவது மொய் நோட்டைத்தான். 1988-ல் அம்மா கல்யாணத்துக்கு அவர்கள் எவ்வளவு வைத்தார்கள், நாம் எப்போது திருப்பிச் செய்தோம் என்று பார்க்காமல் யாரும் வண்டியை எடுக்க மாட்டார்கள். நோட்டைக் கரையான் தின்ன ஆரம்பித்ததால் போன ஆயுத பூஜை லீவில் அதை மொத்தமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தேடுவதற்கு ஒரு சின்ன ஆப்பும் எழுதி வைத்திருந்தேன்.

அம்மா கேட்டதும் போனில் கொடுமுடி என்று தட்டினேன். ஒன்றுமே வரவில்லை.

"ஏஞ்சாமி, இருவத்தொரு ரூவா வெச்சாங்களே, நாந்தானே பக்கத்துல நின்னு எழுதச் சொன்னேன்" என்றார் அம்மிச்சி. அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஊரும் பேரும் நோட்டில் இல்லை என்றால் அந்த மனுசர் வரவே இல்லை என்று ஆகிவிடும் அல்லவா.

ராத்திரி உட்கார்ந்து டேட்டாவைத் திறந்து பார்த்தேன். கொடுமுடி, சைக்கிள் கடை, ரூ. 21. இருக்கிறது! கண்ணுக்குத் தெரிகிற அதே சொல்லைக் கம்ப்யூட்டர் வேறு சொல் என்கிறது. ஒவ்வொரு குறியின் எண்ணையும் வரிசையாக அச்சடித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நான் போனில் தட்டிய 'கொ'வில் க-வுக்கு அடுத்து 3018 என்று ஒரே எண், அதுதான் யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் கம்ப்யூட்டரில் எண் கொடுக்கும் பொது முறையில், ஒகரக் குறி. நோட்டில் ஏற்றியிருந்த 'கொ'விலோ 3014, 3006 என்று இரண்டு எண்கள், அதாவது ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி. நாம் நாலெழுத்து என்று எண்ணுகிற கொடுமுடி ஓரிடத்தில் 8 குறிகள், இன்னோரிடத்தில் 9. திரையில் மட்டும் இரண்டும் அச்சு அசலாக ஒன்று.

காரணம் நான்தான். நோட்டில் பாதியை மாமா தன் அச்சகத்தில் பழைய ஃபான்டில் அடித்துக் கொடுத்திருந்தார். அந்த ஃபான்டுகளில் கொம்பு, எழுத்து, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடிப்பார்கள். அதை யூனிகோடுக்கு மாற்ற நான் எழுதிய புரோகிராம் கொம்பைத் தூக்கி க-வுக்குப் பின்னால் வைத்ததே தவிர, கொம்பையும் காலையும் சேர்த்து ஒன்றாக்கவில்லை.

சரிசெய்ய ஒரே வரிதான். ஜாவாஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் மொழியில் நார்மலைஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் அது ஒரே குறியாக்கிவிடும். சேமிக்கும்போது ஒரு தரம், தேடும்போது ஒரு தரம் கூப்பிட்டால் போதும். தமிழில் எதையாவது தேடவைக்கிற ஆப் எழுதுபவர்கள் தயவுசெய்து முதல் நாளே இதைப் போட்டுவிடுங்கள். எழுத்துப் பிழை என்றால் படிக்கிறவர் கண்ணில் படும், இது யார் கண்ணிலும் படாது.

அப்படியும் கௌரி என்ற பெயர்கள் மாட்டவில்லை. மாமா கடையில் ஔகாரத்துக்குக் கொம்புக்குப் பின்னால் ள-வை அடித்துப் பழகிவிட்டார்கள். அந்த ள நிஜமான எழுத்து, அதனால் நார்மலைஸ் அதைத் தொடாது. கெளுத்தி மாதிரி சரியான சொற்களும் இருப்பதால் மொத்தமாக மாற்றவும் பயம். ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு அம்மிச்சியைக் கூட்டு சேர்த்துக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்து நான் ஒவ்வொரு பேராகப் படிக்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அது சிவகிரிக்காரி, உங்கம்மாளோட ஒண்ணாப் படிச்சவ, அஞ்சு ரூவா வெச்சா, அதுகூட மஞ்சத் துணில முடிஞ்சு கொண்டாந்தா" என்கிறார். நோட்டில் 5 என்று மட்டும்தான் இருக்கிறது. மஞ்சள் துணியையும் சேர்த்து எழுத, ஊர், பேர், தொகைக்குப் பக்கத்தில் குறிப்பு என்று இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன். நேற்றோடு ஒரு நோட்டு முடிந்தது, இன்னும் இரண்டு பாக்கி.