ஷகீராவை முதலிலிருந்து கேட்பது

ஜூன் 3, 2025, செவ்வாய்

கொலம்பியப் பாடகி ஷகீரா என்றதும் நம்மில் பலருக்கு இடுப்புதான் ஞாபகம் வரும். அதில் தப்பில்லை, பாட்டுக்கே அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார். ஆனால் 2010 உலகக் கோப்பைப் பாட்டு 'வக்கா வக்கா' வருவதற்கு முன்பே அவர் பத்தொன்பது வருஷமாகப் பாட்டு எழுதிப் பதிவு செய்துகொண்டிருந்தவர். அவருடைய ஒலிப்பதிவுகளை மட்டும் வரிசையாகக் கேட்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறேன். வீடியோவும் மேடை நிகழ்ச்சியும் கிடையாது. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, பாட்டு வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

கொலம்பியாவின் கரீபியன் கரையில் இருக்கும் பர்ரான்கியாவில் 1977இல் பிறந்தவர். அப்பா லெபனான் வம்சாவளி. குரல் ஆடு கத்துவது மாதிரி இருக்கிறது என்று பள்ளிப் பாடகர் குழுவில் சேர்க்க மறுத்ததை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எட்டு வயதில் எழுதிய முதல் பாட்டு அப்பாவின் கறுப்புக் கண்ணாடியைப் பற்றியது. மூத்த மகன் விபத்தில் இறந்தபிறகு, அழுத கண்ணை மறைக்க அவர் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தாராம்.

முதல் ஆல்பம் 'மாஹியா', 1991. பதின்மூன்று வயதில் சோனியோடு ஒப்பந்தம். அடுத்தது 1993இல் 'பெலிக்ரோ'. இரண்டும் விற்கவில்லை. மறுவெளியீட்டுக்கும் அவர் விடவில்லை, அதனால் யாரோ பழைய பிரதியிலிருந்து ஏற்றி வைத்ததைத்தான் கேட்க முடிந்தது. அந்தக் காலத்துக் கீபோர்டு, சுத்தமான சிறுமிக் குரல், சாதாரணக் காதல் பாட்டுகள். பூட்டி வைத்தது நல்லதுதான் என்று தோன்றியது.

ஜூன் 5, வியாழன்

'பியேஸ் தெஸ்கால்சோஸ்', 1995. முந்தைய இரண்டும் ஊற்றிக்கொண்ட நிலையில் இதுவும் போயிருந்தால் கம்பெனி கையைக் கழுவியிருக்கும். பாட்டெல்லாம் அவரே எழுத, லூயிஸ் ஃபெர்னாந்தோ ஓச்சோவா என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து மெட்டும் தயாரிப்பும். வயது பதினெட்டு.

முதல் பாட்டு 'எஸ்தோய் அக்கி' தொடங்கியதுமே வேறு ஆள் வந்துவிட்டார் என்று தெரிந்துவிடுகிறது. கிடார் நிதானமாகத்தான் போகிறது. பல்லவி வந்ததும் போட்டோ, நோட்டுப்புத்தகம், சாமான்கள், ஞாபகங்கள் என்று மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போகிறார். தாளத்துக்குள் அடங்காத அளவு சொற்கள். ஒரு தேர்ந்த தயாரிப்பாளர் பாதியை வெட்டச் சொல்லியிருப்பார். வெட்டாமல் விட்டதால்தான் அந்தப் பொண்ணின் பதற்றம் நமக்கும் தொற்றுகிறது. குரலும் மாறிவிட்டது. உச்சத்தில் போய் ஒரு இடத்தில் உடைந்து, தொண்டைக்குள் திரும்புகிறது. பள்ளியில் வேண்டாம் என்று தள்ளிய அதே அதிர்வு இங்கே பாட்டுக்கே முதுகெலும்பு.

'சே கியேரே, சே மாதா' என்று ஒரு பாட்டு, ஆட்டத்துக்குரிய மெட்டு. உள்ளே கருக்கலைப்பில் உயிரை விடும் நடுத்தர வர்க்கத்துப் பெண்ணின் கதை. 1995இல் கத்தோலிக்கக் கொலம்பியாவில் பதின்ம வயதினருக்கான பாப் ஆல்பத்தில் இது வந்திருக்கிறது. அதில் அவர் எடுக்கும் தார்மீக நிலைப்பாடு எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் அந்தத் துணிச்சலை மறுக்க முடியாது.

இந்த ஆல்பம் பிரேசிலிலும் நன்றாக ஓடியது. 1997இல் ரீமிக்ஸ் தொகுப்பு போட்டபோது சில பாட்டுகளைப் போர்த்துகீசிய மொழியிலேயே பாடிச் சேர்த்தார்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று முழுக்க 1998தான். 'தோந்தே எஸ்தான் லோஸ் லத்ரோனெஸ்?', அதாவது 'திருடர்கள் எங்கே?'

பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. புது ஆல்பத்துக்கு எழுதி வைத்திருந்த வரிகள் ஒரு பெட்டியில் இருந்தன. பொகோட்டா விமான நிலையத்தில் பெட்டி களவு போய்விட்டது. எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. அட்டையில் அவர் உள்ளங்கைகளைக் காட்டுகிறார், கையெல்லாம் அழுக்கு. திருடர் எங்கோ இல்லை, நம் எல்லார் கையிலும் கறை இருக்கிறது என்பதாக.

இந்தத் தடவை மேற்பார்வை மியாமியில் இருந்த இசைத் தயாரிப்பாளர் எமிலியோ எஸ்தெஃபான். காசு கூடியது ஒலியில் தெரிகிறது. ஆனால் எழுத்துக் கூர்மை மழுங்கவில்லை, கூடித்தான் இருக்கிறது. 'ஒக்தாவோ தியா' பாட்டில் கடவுள் உலகத்தைப் படைத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, எட்டாம் நாள் விண்வெளிப் பக்கம் காற்று வாங்கப் போகிறார். திரும்பி வந்தால் இங்கே ஒரே களேபரம். அவருக்கே வேலை போய், வேலையில்லாதோர் கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார். பாப் பாட்டில் இந்த அளவு குசும்பு எதிர்பார்க்கவில்லை. இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

'இனெவிதாப்லே' ஒரு வாக்குமூலம். எனக்குக் காபி போடத் தெரியாது, கால்பந்தும் புரியாது என்றுதான் ஆரம்பம். கொலம்பியாக்காரி காபி தெரியாது என்கிறாள்! கால்பந்து விஷயம் இன்னும் வேடிக்கை. பின்னால் மூன்று உலகக் கோப்பைகளில் பாடப்போகிறவர், ஒரு கால்பந்து வீரரோடு பத்து வருஷத்துக்கு மேல் வாழப்போகிறவர். மெல்லிய கிடாரில் பேசுகிற மாதிரி தொடங்கி, பல்லவியில் மின் கிடார் வெடித்து எழுகிறது. ராக் பாடகியாகவே அவர் நின்றிருக்கலாம் என்று இந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் தோன்றும்.

கடைசிப் பாட்டு 'ஓஹோஸ் அசி'. தர்புகா என்ற அரபுக் கை மேளம், அரபுச் சாயலில் வயலின்கள், நடுவே அரபியிலேயே ஒரு பகுதி. இதை வெறும் ஒப்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. பர்ரான்கியாவில் சிரியா, லெபனானிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன. அவர் வீட்டில் கேட்ட இசைதான் இது.

ஜூன் 9, திங்கள்

எம்டிவி அன்ப்ளக்டு, மின் வாத்தியங்களைத் தவிர்த்துப் பாடும் டிவி நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு. 1999 ஆகஸ்டில் நியூயார்க்கில் பதிவு, 2000இல் வெளியீடு, மறுவருஷம் கிராமி. மேலே சொன்ன ஆல்பத்தின் பதினோரு பாட்டில் பத்து இதில் இருக்கிறது. 'சியேகா, சோர்தோமூதா'வுக்கு மெக்சிகோ மரியாச்சி குழுவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஸ்டுடியோப் பதிப்பில் ஓரமாக எட்டிப் பார்த்த ட்ரம்பெட் இங்கே பாட்டையே கையில் எடுத்துக்கொள்கிறது.

தங்கச்சி போனில், "ஏண்ணா, மொழியே தெரியாம என்னத்த ரசிக்கிற?" என்றாள். "ஹிந்தி தெரிஞ்சா நாம ஆர்.டி. பர்மன் கேட்டோம்?" என்றேன். அவளிடம் பதில் இல்லை.

ஜூன் 12, வியாழன்

2001, 'லாண்ட்ரி சர்வீஸ்'. முடி பொன்னிறம், மொழி ஆங்கிலம். 'ஓஹோஸ் அசி'யை ஆங்கிலத்தில் போடலாம் என்று தூண்டியவர் எமிலியோவின் மனைவி, பாடகி குளோரியா எஸ்தெஃபான். ஷகீரா மற்றவர் எழுதித் தந்த ஆங்கிலத்தைப் பாட விரும்பாமல், அகராதியை வைத்துக்கொண்டு, லெனார்ட் கோஹனையும் வால்ட் விட்மனையும் படித்து, தானே எழுதக் கற்றுக்கொண்டார். அதனால்தான் அந்த ஆங்கிலம் கொஞ்சம் கோணலாக இருக்கிறது. சின்ன மார்பகம் வாய்த்தது நல்லதாய்ப் போயிற்று, இல்லையென்றால் மலை என்று நினைத்திருப்பாய் என்ற பொருளில் வரும் வரியை அமெரிக்க விமர்சகர்கள் அன்று கேலி செய்தார்கள். எனக்கு அது 'ஒக்தாவோ தியா' எழுதிய அதே குசும்பாகத்தான் படுகிறது.

'வென்எவர், வேர்எவர்' பாட்டில் சரங்கோ என்ற சின்னக் கிடார் மாதிரி வாத்தியமும் ஆண்டிஸ் மலைப் புல்லாங்குழலும். கடற்கரைப் பெண் மலைநாட்டு வாத்தியத்தை எடுத்தது சந்தைக்காக என்றும் சொல்லலாம். ஆனால் அந்தச் சின்னப் புல்லாங்குழல் துணுக்கு இருபத்துநாலு வருஷம் கழித்தும் பழசாகவில்லை. ஆல்பம் உலகமெங்கும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

என் தேர்வு வேறு. கடைசிப் பகுதியில் இருக்கும் 'கே மே கேதேஸ் தூ', ஸ்பானிஷ், ஓச்சோவாவோடு எழுதியது. உலகில் எதுவெல்லாம் தீர்ந்துபோனாலும் நீ மட்டும் எனக்கு மிஞ்சினால் போதும் என்று பட்டியல் போடுகிறார். ஆங்கிலத்தில் எண்ணி எண்ணி அடி வைப்பவர், இதில் ஓடுகிறார்.

ஜூன் 15, ஞாயிறு

2005இல் ஒரே வருஷத்தில் இரண்டு ஆல்பம். எழுதிக் குவித்த அறுபது பாட்டிலிருந்து தேர்ந்தெடுத்து ஸ்பானிஷ் ஜூனில், ஆங்கிலம் நவம்பரில். முதல் அட்டையில் குழந்தையை ஏந்திய தாய், இரண்டாவதில் ஆப்பிளோடு ஏவாள்.

ஸ்பானிஷ் தொகுதியில் 'லா தொர்தூரா' எல்லாருக்கும் தெரியும். கூடப் பாடும் அலெஹாந்த்ரோ சான்ஸின் கரகரப்புக் குரல் மன்னிப்புக் கேட்கிறது, இவர் மசியவில்லை. அமெரிக்காவின் லத்தீன் பாட்டுப் பட்டியலில் 25 வாரம் முதலிடம். ஆனால் நான் இன்று திரும்பத் திரும்பப் போட்டது 'நோ'. அர்ஜென்டினாவின் ராக் மேதை குஸ்தாவோ செராத்தியின் கிடார் அதில் ஒலிக்கிறது. போ, திரும்பி வராதே என்று சொல்லும் பாட்டில் ஆரவாரமே இல்லை.

ஆங்கிலத் தொகுதியின் முதல் சிங்கிள் பெரிதாக எடுபடவில்லை. சில மாதங்களில் 'ஹிப்ஸ் டோன்ட் லை' சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். அதுவும் புதுசு இல்லை. ராப் பாடகர் வைக்ளெஃப் ஜானின் 2004 பாட்டு ஒன்றைப் பிரித்து மாற்றிக் கட்டியது. தொடக்கத்தில் வரும் ட்ரம்பெட், புவேர்த்தோ ரிக்கோ சல்சா பாடகர் ஜெர்ரி ரிவேராவின் பாட்டிலிருந்து எடுத்தது. 2006 ஜூனில் பில்போர்டு ஹாட் 100இல் முதலிடம். பர்ரான்கியாவில் இப்படித்தான் ஆடுவார்கள் என்று ஊர்ப்பெயர் சொல்லிப் பாடும் இடம்தான் எனக்குப் பாட்டின் உச்சம்.

ஜூன் 18, புதன்

கொலம்பிய நாவலாசிரியர் கார்சியா மார்க்கேஸ் 1999இலேயே ஷகீராவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இளம் வயதில் பர்ரான்கியாவில் பத்திரிகையாளராக இருந்தவர் அவர். 2007இல் அவருடைய காலரா காலத்துக் காதல் நாவல் படமானபோது ஷகீரா எழுதிப் பாடிய 'ஆய் அமோரெஸ்', 'தெஸ்பெதீதா' இரண்டும் பொலேரோ என்ற பழைய, மெதுவான காதல் பாட்டு வகை. உடைப்பு எதுவும் இல்லாமல் தாழ்ந்த குரல். இப்படி ஒரு முழு ஆல்பம் அவர் செய்யவே இல்லை, அது எனக்குப் பெரிய குறை.

2009 'ஷீ வுல்ஃப்' டிஸ்கோ, 2014 ஆல்பம் யார் வேண்டுமானாலும் பாடியிருக்கக்கூடியது. வேகமாகக் கடந்துவிட்டேன்.

நடுவே 2010இன் 'வக்கா வக்கா'. இதன் மூலம் கேமரூனின் கோல்டன் சவுண்ட்ஸ் குழு 1986இல் பாடிய 'ஸங்கலேவா', ராணுவத்தை வைத்துக் கிண்டல். கொலம்பியக் கரைக்கு ஆப்பிரிக்க இசைத்தட்டுகள் கப்பலில் வந்து சேரும். அங்கே 'பிக்கோ' என்று சொல்லும் பிரமாண்ட ஒலிபெருக்கிகள் உண்டு, நம்மூர் சவுண்ட் சர்வீஸ் மாதிரி, பளிச்சென்று சித்திரம் வரைந்தவை. அவற்றில் இந்தப் பாட்டு 'எல் மிலித்தார்' என்ற பெயரில் அலறிக்கொண்டிருந்தது. தென்னாப்பிரிக்க உலகக் கோப்பைக்காக எங்கோ தேடிப் பிடித்ததல்ல, சின்ன வயதிலேயே அவருடைய கரையில் சுற்றிய மெட்டு. மூலக் குழுவோடு பிற்பாடு உடன்பாடு ஆனது. ஆனால் பாட்டு உலகம் சுற்றியபோது அந்தப் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டோம்?

ஜூன் 21, சனி

2016இல் கார்லோஸ் விவெஸோடு 'லா பிசிக்லேத்தா'. விவெஸ் பக்கத்து ஊர் சாந்தா மார்த்தாக்காரர், அந்தக் கரையின் அகார்டியன் நாட்டுப்புற இசையான வய்யெனாத்தோவை பாப் மேடைக்குக் கொண்டுபோனவர். பாட்டில் சைக்கிள், கடற்கரை, சொந்த ஊர். சும்மா ஜாலியான பாட்டு, அவ்வளவுதான். ஆனால் குரலில் இருந்த இறுக்கம் போயே போய்விட்டது. அந்த வருஷ லத்தீன் கிராமியில் சிறந்த பாட்டு, சிறந்த பதிவு இரண்டும் இதற்கே. மறுவருஷம் 'எல் தொராதோ' ஆல்பம். அந்த நவம்பரில் குரல்நாணில் ரத்தக்கசிவு ஏற்பட்டு உலகச் சுற்றுப்பயணம் 2018க்குத் தள்ளிப்போனது.

ஜூன் 24, செவ்வாய்

கடைசி ஆல்பம் 2024 மார்ச்சில் வந்தது. 'பெண்கள் இனி அழுவதில்லை' என்பது தலைப்பின் பொருள். ஏறக்குறைய பாதிப் பாட்டுகள் 2022, 2023இல் ஒவ்வொன்றாக வெளிவந்தவைதான். இப்போது ஆல்பம் என்பதே பெரும்பாலும் கணக்கு முடிப்பு.

அதில் பெரியது அர்ஜென்டினாவின் இளம் தயாரிப்பாளர் பிஸார்ராப்போடு செய்த 53ஆம் செஷன், 2023 ஜனவரி. ஒவ்வொரு பாடகரோடும் அவர் செய்யும் பாட்டு வரிசையில் 53ஆவது. ஃபெராரியைக் கொடுத்து ட்விங்கோ வாங்கினாய், ரோலெக்ஸைக் கொடுத்து கேசியோ வாங்கினாய் என்று பிரிந்துபோன அந்தக் கால்பந்து வீரரைச் சாடும் பாட்டு. உலகமே பேசியது. கேட்க விறுவிறுப்பு, இரண்டாம் தடவை எனக்கு அவ்வளவாக வேலை செய்யவில்லை. 'நோ' பாட்டில் யார் பெயரும் கிடையாது, யாருக்கும் பொருந்தும். இது ஒரே ஒருவருக்கு.

ஆனால் 'எல் ஹெஃபே' கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மெக்சிகோ வம்சாவளிக் குழு ஃபுவெர்ஸா ரெஹீதா, கொர்ரிதோ என்ற மெக்சிகோக் கதைப்பாட்டு நடை, பின்னால் பித்தளை வாத்தியம். காலை 7:30க்கு அலாரம், எழுந்திருக்க மனசில்லை. படித்தும் ஒன்றும் ஆகவில்லை. சம்பளம் போதவில்லை. நான் நடந்து வருகிறேன், முதலாளி பென்ஸில் வருகிறான். கடவுளுக்கே வேலை போனதாக எழுதிய கை மறுபடி வேலை செய்கிறது. கோடிகளில் புரள்பவர் சம்பளப் பிரச்சினையைப் பாடலாமா என்றால், தாராளமாகப் பாடலாம், இவ்வளவு நன்றாக எழுதினால்.

2025 பிப்ரவரியில் இந்த ஆல்பத்துக்கும் கிராமி கிடைத்தது. அன்ப்ளக்டுக்கும் இதற்கும் நடுவே இருபத்துநாலு வருஷம். தங்கச்சி எங்கே தொடங்குவது என்று கேட்டாள். அன்ப்ளக்டு, அப்புறம் 2005 ஸ்பானிஷ் தொகுதி என்று சொல்லியிருக்கிறேன். 53ஆம் செஷனை அவள் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.