திஸ்கி மாற்றி: பில்ட் நாட்குறிப்பு

10-11-2025, பாளையங்கோட்டை

திஸ்கி (பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கம்) கோப்புகளை யூனிகோடாக்கும் பழைய சி நிரல். 32 பிட் டெபியன் 10-இல் (லினக்ஸ் வகை) ஓடியது, 64 பிட் டெபியன் 13-இல் பில்ட் (மூலநிரலை ஓடும் நிரலாக்கும் வேலை) நிற்கிறது. கடைசி வரியில் 'எரர் 2' என்று மட்டும் வரும். சவம், அதனால் ஒரு பிரயோசனமும் கிடையாது. நாலு வேலை ஒன்றாக ஓடும்போது முதல் பிழை மேலே எங்கோ புதைந்துவிடும். மேக்கை (பில்டை நடத்தும் கருவி) ஒற்றை வேலையாக ஓட்டி, வருவதையெல்லாம் ஒரு கோப்பில் பிடித்து, 'எரர்' முதன்முதலாக வரும் இடத்தைத் தேட வேண்டும்.

சிக்கியது: ஸ்டர்டப் என்ற ஃபங்ஷனுக்கு (எழுத்துச் சரத்தை நகலெடுப்பது) அறிவிப்பு இல்லை. சி கம்பைலரான ஜிசிசி 13 வரை இது வெறும் எச்சரிக்கை, 14-இல் பிழை.

11-11-2025

அந்த அறிவிப்பு இருக்கும் ஸ்ட்ரிங் ஹெட்டர் கோப்பு சேர்த்துத்தான் இருக்கிறது. கோளாறு மேக்ஃபைலில்: 'சி99' (1999-ஆம் ஆண்டு சி தரநிலை) என்று கறாராகப் போட்டிருக்கிறது. ஸ்டர்டப் சி99-இல் கிடையாது, போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தரநிலையைச் சேர்ந்தது. ஆகவே ஹெட்டர் அதை மறைத்துவிடுகிறது. கூடுதல்களையும் அனுமதிக்கும் 'குனூ99' என்று மாற்றினால் சரி.

பிழையைத் திரும்ப எச்சரிக்கையாக இறக்கும் ஆப்ஷனும் உண்டு. அதைப் போட்டு ஒப்பேற்றக் கூடாது. அறிவிப்பு இல்லாத ஃபங்ஷன் இன்ட் (முழு எண்) தரும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். ஸ்டர்டப் தருவதோ பாயின்டர், அதாவது நினைவக முகவரி. 32 பிட்டில் இன்ட்டும் பாயின்டரும் ஒரே அளவு, இத்தனை வருஷம் தப்பியது அதனால்தான். 64 பிட்டில் முகவரியின் மேல்பாதி போய்விடும். பில்ட் முடியும், ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நிரல் விழும்.

12-11-2025

லிங்கர் (கம்பைலான துண்டுகளை இணைப்பது) 'மல்டிபிள் டெஃபினிஷன்' என்கிறது. ஹெட்டரில் எக்ஸ்டர்ன் ('மாறி வேறிடத்தில் இருக்கிறது' என்ற குறிப்பு) இல்லாமல் ஒரு குளோபல் மாறி. ஜிசிசி 10 முதல் இதற்கு இயல்பாக விட்டுக்கொடுப்பு கிடையாது. ஹெட்டரில் எக்ஸ்டர்ன், ஒரே ஒரு சி கோப்பில் மாறி. ஐந்து நிமிட வேலை.

14-11-2025

பைத்தான் பகுதி. டிஸ்ட்யூட்டில்ஸ் (பொதி கட்டும் பழைய நூலகம்) 3.12-இலேயே நீக்கப்பட்டுவிட்டது, டெபியன் 13-இல் இருப்பது 3.13. செட்டப் கோப்பில் அந்த இம்போர்ட்டை செட்டப்டூல்ஸுக்கு மாற்ற வேண்டும். 3.12 முதல் வெர்ச்சுவல் என்விரான்மென்டில் (தனித்த பைத்தான் சூழல்) செட்டப்டூல்ஸ் தானாக வராது, நாமே போட வேண்டும். சிஸ்டம் பைத்தானில் பிப் (பைத்தான் பொதி நிறுவி) நிறுவ மறுப்பது பிழையல்ல, காவல். அதை உடைக்கும் ஆப்ஷனைத் தொட்டால் ஆப்ட் (டெபியனின் பொதி நிறுவி) போட்டதும் பிப் போட்டதும் முட்டிக்கொள்ளும்.

15-11-2025

மழை, பில்ட் நடுவில் கரண்ட் போனது. திரும்ப மேக் கொடுத்தால் லிங்கர் ஒரு ஆப்ஜெக்ட் கோப்பை (ஒரு சி கோப்பைக் கம்பைல் செய்து வருவது) அடையாளம் தெரியவில்லை என்கிறது. அதன் அளவு 0 பைட். மேக் பார்ப்பது நேரத்தை மட்டும். சோர்ஸைவிடப் புதிதாக இருந்தால் காலிக் கோப்பையும் முடிந்த வேலை என்று விட்டுவிடும். மேக் கிளீன், பிறகு முழு பில்ட்.

நிறுவ வேண்டிய அம்பாசமுத்திரம் மெஷினில் நெட் மந்தம். 'பிப் வீல்' கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் வீல்களாக (முன்னரே கட்டிய பைத்தான் பொதி) பென் டிரைவில் ஏற்றியாகிவிட்டது. அங்கேயும் பைத்தான் 3.13 தான் இருக்க வேண்டும். சி சேர்ந்த வீல் பொதுவாக வேறு வெர்ஷனில் ஏறாது.