தீக்குச்சியும் வைக்கோல் போரும்

முதல் உலகப் போருக்குக் காரணம்? 'போஸ்னியாவின் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டார்கள்' என்று எழுதி மார்க் வாங்கியாயிற்று. 1914 ஜூன் 28. காலையில் வீசிய குண்டுக்குத் தப்பிவிட்டார். அப்புறம் டிரைவர் தப்பான தெருவில் திருப்பி வண்டியை நிறுத்த, எதிரே துப்பாக்கியோடு பிரின்சிப் என்ற போஸ்னிய செர்பிய இளைஞன்!

சரி, அது தீக்குச்சி. வைக்கோல் போரை அடுக்கியது யார்? 'நாங்கள் இருக்கிறோம், நடத்து' என்று ஆஸ்திரியாவுக்குத் தைரியம் கொடுத்தது ஜெர்மனி. கொலைக்குப் பின்னால் செர்பியா இருக்கிறது என்று ஆஸ்திரியா அதற்கு 48 மணி நேரக் கெடு வைத்தது. செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா படை திரட்டியது.

ஆகஸ்ட் 1 அன்று, 'ரஷ்யா பக்கம் மட்டும் படையைத் திருப்பு' என்கிறார் கைசர், அதாவது ஜெர்மன் சக்கரவர்த்தி. முடியாது என்கிறார் தளபதி மோல்ட்கே. ஏனென்றால் ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்ஸை முதலில் அடிக்கத்தான் ரயில்களுக்கே நேரம் குறித்து வைத்திருந்தார்கள். அட்டவணை ராஜாவை ஜெயித்துவிட்டது!

செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டதில் மெட்ராஸில் எண்ணெய் டாங்கிகள் எரிந்தன. பாட்டி என்னை 'சரியான எம்டன்டா நீ' என்று திட்டியது அந்தக் கப்பல் பெயரைச் சொல்லித்தான்.